லெட்டியின் அம்மா

பி.ஏ. ஆங்கில இலக்கியம் எடுத்த பிள்ளைகள் இலக்கியம் படிக்கிறார்கள் என்று யாராவது நம்பிக்கொண்டிருந்தால், அவர்கள் ஒருமுறை திருப்பூர்ப் பக்கம் வந்துவிட்டுப் போகலாம். இங்கே படிப்பது கைடு. நாவல் எவ்வளவு தடியாக இருந்தாலும் கைடில் அது சில பக்கம்தான். கதைச் சுருக்கம், பாத்திரங்கள், முக்கியமான கேள்விகள், முடிந்தது சோலி. நாகஜோதியும் நல்ல பிள்ளையாகக் கைடு வாங்கத்தான் போனாள். அமெரிக்க இலக்கியத்துக்கான கைடு இன்னும் அச்சாகவில்லை, தீபாவளி கழித்து வா என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். நவம்பரில் செமஸ்டர் பரீட்சை. பயந்துபோய்க் காலேஜ் லைப்ரரியில் அந்த நாவலையே எடுத்துவந்துவிட்டாள். அவளைப் பிடித்த சனி அப்படித்தான் பிடித்தது.

அவளுக்கு முன்னால் அந்தப் புத்தகத்தை யாரும் முழுசாகப் படித்த மாதிரி தெரியவில்லை. முதல் சில பக்கங்களில் பென்சிலால் தமிழ் அர்த்தம் எழுதியிருந்தது. அதற்குமேல் அந்தப் புண்ணியவானுக்கும் தெம்பு இல்லை போலிருக்கிறது. நாகஜோதிக்கும் ஆரம்பத்தில் அழுகையே வந்தது. ஒரு வாக்கியம் பாதிப் பக்கத்துக்குப் போகும். அது முடிகிறபோது எங்கே ஆரம்பித்தது என்று மறந்துபோகும். அருள்புரத்திலிருந்து காலேஜுக்குப் போகிற டவுன் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் புத்தகத்தையும் பிடித்துக்கொண்டு, வீம்புக்குப் படித்தாள்.

பிறகு ஒரு நாள் காலையில், தமிழ்நாடு ஹோட்டல் ஸ்டாப் தாண்டும்போது, அந்தப் புத்தகத்துக்குள் பஞ்சு பறக்க ஆரம்பித்தது.

ஆற்றங்கரையில் ஒரு மில். விடிவதற்குள் சங்கு. வரிசையாக ஒரே மாதிரி வீடுகள், எல்லாருக்கும் சேர்த்து ஒரே குழாய். லெட்டி என்று ஒரு பெண், தலைமயிரில் ஒட்டின பஞ்சை வழியெல்லாம் பிய்த்துப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறாள். நாகஜோதி தன் பின்னலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இறங்கவேண்டிய இடத்தையும் விட்டுவிட்டாள். அமெரிக்கா என்றால் அவளுக்கு அட்டைப்பெட்டியின்மேல் அச்சடித்த ஒரு பெயர், அவ்வளவுதான். அவளுடைய அம்மா மடித்து அனுப்புகிற பனியனைப் போட்டுக்கொண்டு பல் தெரியச் சிரிக்கிறவர்களின் ஊர். தாங்கள் குடியிருக்கிற மாதிரி லைன் வீடு அங்கேயும் இருந்திருக்கிறது என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

லெட்டிக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கும். அவளுடைய அம்மா அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தித் தறியில் கொண்டுபோய் விடுகிறாள். அந்த இடத்தைப் படித்தபோது நாகஜோதிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அந்த அம்மாவை அவள் வெறுத்தாள். வெறுப்பதற்கு அவளுக்குச் சொந்தக் காரணம் இருந்தது.

அருப்புக்கோட்டைப் பக்கத்து வறண்ட கிராமம் ஒன்றிலிருந்து பிழைக்க வந்த குடும்பம் அவளுடையது. அப்பா ராமர் ஓவர்லாக் டெய்லர். அம்மா முத்துப்பேச்சி அருள்புரத்திலேயே ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங், தைத்து வருகிற பனியனில் நூல் பிசிரை வெட்டிச் சரிபார்க்கிற வேலை. ஊரில் தாய்மாமன் மகன் ராஜ்கமல் செல்போன் கடை வைத்திருந்தான். அவனிடம் குறை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. அதுதான் பெரிய தொந்தரவே. குடிகாரனாகவோ முரடனாகவோ இருந்திருந்தால் வேண்டாம் என்று சொல்ல ஒரு வாய்ப்பாவது கிடைத்திருக்கும். பார்க்கும்போதெல்லாம், "படிச்சு என்ன செய்யப் போற?" என்று மட்டும் கேட்பான், கெட்ட எண்ணம் இல்லாமல். நாகஜோதிக்கு டிகிரி முடித்து, பி.எட். முடித்து, டீச்சராக வேண்டும். ஆசை என்று அவளுக்கு இருந்தது அது ஒன்றுதான்.

தெற்கத்திப் பிள்ளைகள் தீபாவளிக்கு ஊருக்குப் போய், கல்யாணமாகித் திரும்பி வராமல் போவது அருள்புரத்தில் புதுசு இல்லை. கம்பெனி திறக்கும், மெஷின் காலியாக இருக்கும். "தீபாவளிக்குப் போச்சு" என்பார்கள். அதற்குமேல் யாரும் கேட்க மாட்டார்கள். இந்தத் தீபாவளிக்கு மாமா வீட்டில் பூ வைக்க வருகிறார்கள் என்பது நாகஜோதிக்கும் தெரியும். அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவர்கள் வீட்டில் யாரும் எதையும் நேராகச் சொல்கிற வழக்கம் இல்லை. கோழியைத் திட்டினால் அது கோழிக்கு இல்லை. கல்யாணத்துக்குச் சம்மதம் என்று வாய் திறந்து சொல்கிற பெண் வெட்கம் கெட்டவள், வேண்டாம் என்கிறவள் அடங்காப்பிடாரி. ஆகவே எல்லாம் சாடைப் பேச்சுத்தான். முத்துப்பேச்சி கல்யாணப் பேச்சையே சோற்றுப் பானையிடம்தான் எடுத்தாள். "ஒனக்கும் காலாகாலத்துல ஒரு மூடியப் போட்டு மூடி வச்சாத்தான் எனக்கு நிம்மதி" என்று பானையைப் பார்த்துச் சொன்னாள். பானை என்ன பதில் சொல்லும்? நாகஜோதி புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

சனி, ஞாயிறுகளிலும் லீவு நாட்களிலும் அவளும் அம்மாவோடு செக்கிங் வேலைக்குப் போவாள். அந்த வருஷம் கரண்ட் வெட்டு நேரம் காலம் இல்லாமல் வந்துகொண்டிருந்தது. கரண்ட் போனால் தையல் மெஷின்கள் ஓய்ந்துவிடும். செக்கிங் டேபிளுக்கு மட்டும் ஓய்வு கிடையாது. ஜன்னல் வெளிச்சத்துக்கு டேபிளை இழுத்துப் போட்டுக்கொண்டு பிசிர் வெட்டவேண்டும். அந்த மாசம் முழுக்க, நெஞ்சில் ஏதோ ஒரு காலேஜ் பெயர் அச்சடித்த பனியன்கள் மலை மலையாக வந்துகொண்டிருந்தன. திடீரென்று விழுந்த அந்த அமைதியில் பேச ஏதாவது வேண்டியிருந்தது.

"காலேஜுப் புள்ள, ஒரு கதை சொல்லுங்கண்ணு" என்றாள் செல்லாத்தாள். அந்த டேபிளில் மூத்தவள், பல்லடம் பக்கத்துக்காரி. அவள் கேட்டால் சூப்பர்வைசரே மறுக்க மாட்டார்.

நாகஜோதி லெட்டியின் கதையைச் சொன்னாள்.

முதலில் யாரும் நம்பவில்லை. "அமெரிக்காவுல ஏதுங்கண்ணு கஞ்சிக்கில்லாதவீக?" என்று செல்லாத்தாள் சிரித்தாள். "நாம வெட்டிப் போடற பனியன்ல பாதிய அவீகதான வாங்கறாங்க. சும்மா வாயில வந்ததச் சொல்லாத கண்ணு."

"நெசமாத்தான் பெரியம்மா. நூறு வருசத்துக்கு முந்தி. பஞ்சுத் தூசி, சங்கு, எல்லாம் நம்மூர் மாதிரியேதான்."

"அப்ப நம்மளும் இன்னும் நூறு வருசத்துல அமெரிக்கா ஆயிருவோமாட்ட" என்றாள் செல்லாத்தாள். டேபிளே சிரித்தது. முத்துப்பேச்சியும் சிரித்தாள். ஆனால் கரண்ட் வந்து மெஷின்கள் இரைந்தபோது எல்லாருக்கும் ஏமாற்றமாக இருந்தது. அடுத்த முறை கரண்ட் போனதும், "ஆங், போயிருச்சு, சொல்லு கண்ணு" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கரண்ட் போனதற்குச் சந்தோஷப்பட்ட ஒரே டேபிள் தமிழ்நாட்டில் அதுவாகத்தான் இருக்கும்.

நாகஜோதிக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. நேராகப் பேச முடியாததைக் கதையாகப் பேசலாமே. அவள் லெட்டியின் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூட வாத்தியாரம்மா வீடு தேடி வந்து கெஞ்சியதைச் சொன்னாள். லெட்டியின் அம்மா கதவைச் சாத்தியதைச் சொன்னாள். லெட்டி ஒளித்துவைத்துப் படித்த புத்தகத்தை அடுப்பில் போட்டதைச் சொன்னாள். அது புத்தகத்தில் இல்லை. அதனால் என்ன? பெண்டாட்டியை இழந்த மேஸ்திரி ஒருவனுக்கு லெட்டியைப் பேசி முடிக்கப் போவதைச் சொன்னாள். சொல்லும்போது அம்மாவைப் பார்க்கவே இல்லை. பார்க்கவேண்டிய அவசியமும் இல்லை. யாரைச் சொல்கிறாள் என்பது முத்துப்பேச்சிக்குத் தெரியும், டேபிளுக்கே தெரியும்.

டேபிள் மொத்தமும் லெட்டியின் அம்மாவை வைது தீர்த்தது. சாணியைக் கரைத்து ஊற்றவேண்டும் என்றாள் ஒருத்தி. முத்துப்பேச்சி மட்டும் தலையைக் குனிந்து பிசிர் வெட்டிக்கொண்டே இருந்தாள். புத்தகம் அடுப்பில் எரிந்த அன்றைக்குத்தான் அவளும் கத்தரியைக் கீழே வைத்தாள்.

"அவளும் ஒரு தாயா?" என்றாள். "அந்தப் பிள்ள படிச்சா இவளுக்கு எங்க நோகுதாம்?" சொல்லிவிட்டுக் கழிவுத் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

செல்லாத்தாள் சமயம் பார்த்திருந்தவள் மாதிரி போட்டாள் ஒரு போடு. "அதையேதான் நானும் கேக்கறனுங்க அம்மிணி. கண்ணு படிக்கோணும்ங்குது. படிக்கட்டுமே."

முத்துப்பேச்சி கத்தரியை எடுத்துக்கொண்டு அடுத்த பனியனுக்குப் போனாள். ஆனால் அன்று சாயங்காலம் வீட்டில் பருப்பைக் கடைந்துகொண்டே அடுப்பிடம் பேசினாள். "எங்கண்ணனுக்கு ஒரு போனப் போட்டு, அடுத்த வருசம் பாத்துக்கிருவோம்ணேன்னு சொன்னா, அவுக என்ன கோவிச்சுக்கிறவா போறாக?"

கட்டிலில் படுத்திருந்த ராமர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "ஒங்க அண்ணன், நீ. எனக்கென்ன" என்றார்.  ஜெயித்துவிட்டோம் என்று நாகஜோதி நினைத்தாள். இன்னும் ஒரே ஒரு தடவை கரண்ட் போனால் போதும். மேஸ்திரி தலையில் லெட்டியைக் கட்டிவைக்கிற காட்சியைச் சொல்லிவிட்டால் அம்மா போனை எடுத்துவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை அரை ஷிப்ட் முடிந்து வந்து, அந்தக் காட்சியைத் தேடித்தான் நாவலைத் திறந்தாள். இருந்தது. ஆனால் அவள் நினைத்த மாதிரி இல்லை.

அதுவரைக்கும் கதை முழுவதும் லெட்டியின் பார்வையில் போய்க்கொண்டிருந்தது. அந்த ஒரு அத்தியாயத்தில் மட்டும் அவளுடைய அம்மாவோடு போனது. நாவலில் அந்த அம்மாவுக்குப் பெயர்கூடக் கிடையாது. அவள் இருமல் வரும்போதெல்லாம் துணி காயப்போடுகிற சாக்கில் வீட்டுக்குப் பின்னால் போய்விடுகிறாள். மாவுச் சாக்குத் துணியை வாயில் அடைத்துக்கொண்டு, மகளுக்குக் கேட்காமல் இருமுகிறாள். பனிக்காலத்தைத் தாண்ட மாட்டோம் என்று அவளுக்குத் தெரியும். வீடு மில்லுக்குச் சொந்தம். மில்லில் வேலை பார்க்கிற ஆள் இல்லாவிட்டால் வீட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள். தான் கண்ணை மூடினால் மகள் பனியில் நிற்பாள். அதனால்தான் தறி, அதனால்தான் மேஸ்திரி. வாத்தியாரம்மாவின் முகத்தில் கதவைச் சாத்திவிட்டு, அந்தக் கதவிலேயே சாய்ந்து உட்கார்ந்து அழுகிறாள். அந்தப் பக்கம் லெட்டிக்குத் தெரியாது. படிக்கிறவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

வெளியே பொதுக் குழாயடியில் முத்துப்பேச்சி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். இருமினாள். நாகஜோதி புத்தகத்தை மூடாமல் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த இருமல் புதுசு இல்லை. போன வருஷமும் இருந்தது, அதற்கு முந்தின வருஷமும் இருந்தது. பக்கத்து வீட்டு டி.வி. சத்தம் மாதிரி அது பாட்டுக்கு இருந்தது. பல்லடத்து டாக்டர், "தூசி ஒத்துக்கலீங்க, வேற வேலை பாருங்க" என்று சொன்னதும், மறுநாள் அம்மா அதே டேபிளுக்குப் போனதும் அவளுக்குத் தெரிந்ததுதான். இன்றைக்குத்தான் அது காதில் விழுந்தது. குழாயைத் திறந்து வாளியில் தண்ணீரை விட்டு, அந்தச் சத்தத்துக்குள்ளே அம்மா இருமுகிறாள் என்பதும் இன்றைக்குத்தான் புரிந்தது.

நாகஜோதி குப்புறப் படுத்து அழுதாள். அழுதது லெட்டிக்காக இல்லை.

சரஸ்வதி பூஜை லீவில் வேலைக்குப் போனபோது வழக்கம்போல் கரண்ட் போனது. டேபிள் ஜன்னலுக்கு நகர்ந்தது. "அந்த மூதேவி அந்தப் புள்ளையக் கட்டிக் குடுத்தாளா இல்லையா, அதச் சொல்லு" என்றாள் செல்லாத்தாள். எல்லார் கையிலும் கத்தரி தயாராக இருந்தது. வாயில் வசவும் தயாராக இருந்தது. நாகஜோதி சொல்லவேண்டியதை மனசுக்குள் நன்றாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். மேஸ்திரியிடமிருந்து அம்மாக்காரி ஒரு பட்டுத்துணியை வாங்கிக்கொண்டாள் என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான். ஒரே ஒரு பொய்.

எதிரில் முத்துப்பேச்சி காத்துக்கொண்டிருந்தாள். கண் இமையில் பஞ்சு ஒட்டியிருந்தது.

நாகஜோதியால் முடியவில்லை. அங்கே இருந்த யாருக்கும் லெட்டியின் அம்மாவைத் தெரியாது. அவளுக்காகப் பேச இந்த உலகத்தில் வேறு யாரும் இல்லை. மாவுச் சாக்குத் துணியிலிருந்து ஆரம்பித்தாள். இருமலைச் சொன்னாள், வீட்டைச் சொன்னாள், பனியைச் சொன்னாள், சாத்தின கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுததைச் சொன்னாள். புத்தகத்தை அடுப்பில் போட்டது நான் கட்டிவிட்டது என்பதையும் சொல்லிவிட்டாள்.  ஒரு கத்தரிகூட அசையவில்லை.

"அட ஆண்டவா" என்றாள் செல்லாத்தாள் கடைசியில். "நாம அவளப் போட்டு அந்தப் பேச்சுப் பேசிப்போட்டமே. அவளுந்தான் என்ன பண்ணுவா, பாவம்."

முத்துப்பேச்சி கத்தரியை டேபிளில் வைத்தாள். கையை நீட்டி மகளின் பின்னலில் ஒட்டியிருந்த நூலை எடுத்துவிட்டாள். ரொம்ப நாளைக்கப்புறம் அவள் முகம் தெளிந்திருந்தது. நாகஜோதி அதைப் பார்த்தாள். என்ன அர்த்தம் என்று அப்போது தெரியவில்லை. சாடையிலேயே வளர்ந்த பெண்ணுக்கு அதுகூடத் தெரியாமல் போனதுதான் கொடுமை.

சாயங்காலம் வீட்டு வாசலில் நின்று முத்துப்பேச்சி போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள். "ஆமாண்ணே, பிள்ளைக்குச் சம்மதந்தான். வாயத் தொறந்தா சொல்லுவாக? அவ சொல்ற விதத்துல சொல்லிட்டா. எங்கஷ்டம் அவளுக்குப் புரிஞ்சிருச்சுண்ணே, எனக்கு அது போதும். தீபாவளிக்கு மறுநா பூ வச்சிருவோம்."

நாகஜோதி ஓடிவந்தாள். "அம்மா, அது கதைம்மா."

"கதைதான் தாயி. எனக்குத் தெரியாதா?" என்று முத்துப்பேச்சி சிரித்தாள்.

"நான் படிக்கணும்மா." அந்த வீட்டில் யாரும் அவ்வளவு நேராகப் பேசியதில்லை.

"படி. யாரு வேணாங்கா? கல்யாணத்துக்கப்புறமும் படிக்கலாம். ராஜ்கமலு வேணாம்னா சொல்லப் போறான்?"

கல்யாணத்துக்கப்புறம் படிக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்பது அருள்புரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கத்தியிருக்கலாம். சாப்பிடாமல் கிடந்திருக்கலாம். செல்லாத்தாளைக் கூட்டிவந்து பஞ்சாயத்து வைத்திருக்கலாம். போன வாரம் வரைக்கும் அதற்கெல்லாம் வேண்டிய கோபம் அவளிடம் இருந்தது. இப்போது தேடிப் பார்த்தாள், இல்லை. அம்மாவைப் பார்த்தால் சாக்குத் துணிதான் ஞாபகத்துக்கு வந்தது. கோபம் இல்லாமல் எப்படிச் சண்டை போடுவது? அந்தக் கைடு மட்டும் நேரத்துக்கு வந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள். கைடில் லெட்டியின் அம்மாவுக்கு 'கொடுமைக்காரத் தாய்' என்று ஒரே வரிதான்.

ஆமாம், கைடும் ஒருவழியாகச் சொன்ன நாளுக்கு முன்னாலேயே வந்தது. அதற்குள் அவள் நாவலை முடித்திருந்தாள். லெட்டியின் அம்மா பனிக்கு முன்பே செத்துப்போகிறாள். லெட்டி மேஸ்திரி வீட்டுக்குப் போகிறாள். வருஷங்கள் ஓடுகின்றன. கடைசிப் பக்கத்தில், சங்கு ஊதுவதற்கு முன், முதல் நாள் தறிக்குப் போகிற தன் மகளுக்கு லெட்டி தலை பின்னிவிடுகிறாள். அவ்வளவுதான். விடிகிறது. இந்த முடிவு நம்பிக்கையைக் குறிக்கிறது, விளக்குக என்று கைடில் ஒரு கேள்வி இருந்தது. நம்பிக்கையாம். கைடு எழுதினவரைக் கையில் பிடித்துக் கொடுத்திருந்தால் நாகஜோதி நன்றாகக் கேட்டிருப்பாள்.

தீபாவளி நெருங்க நெருங்க டேபிளுக்கு வருகிற பனியன் குறைந்துகொண்டே போனது. ராமர் வேலை பார்த்த கம்பெனியில் பாதி மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டார்கள். அமெரிக்காவில் ஏதோ பாங்குகள் முழுகிவிட்டனவாம், ஆர்டர் எல்லாம் நின்றுபோச்சு என்றார் சூப்பர்வைசர். "நீ சொன்னது நெசந்தான் கண்ணு" என்றாள் செல்லாத்தாள், கடைசி நாள் போனஸ் கவரை இடுப்பில் செருகிக்கொண்டே. "அங்கயும் கஞ்சிக்கில்லாதவீக இருக்காங்களாட்ட. கல்யாணத்துக்குச் சொல்லியுடுங்க அம்மிணி, கண்டிப்பா வந்தர்றேன்." அவள் இப்போது படிப்பைப் பற்றிப் பேசவில்லை. அந்த டேபிளில் யாருமே பேசவில்லை. அம்மாவைப் புரிந்துகொள்ளச் சொல்லிக்கொடுத்தவளே நாகஜோதிதானே.

புத்தகத்தை லைப்ரரியில் கொடுத்துவிட்டு வந்தாள். மறுநாள் காலையில் மூன்று பேரும் அருப்புக்கோட்டை ஸ்பெஷல் பஸ்ஸில் ஏறினார்கள். ஒரே கூட்டம், பெட்டிகள், பட்டாசுப் பை, அழுகிற பிள்ளைகள். ராமருக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. அவர் முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தாராபுரம் தாண்டியதும் காற்று வந்தது. முத்துப்பேச்சி ஜன்னலோரம் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு இருமினாள். இருமல் அடங்கியதும் மகள் பக்கம் திரும்பினாள்.

"ஏ ஜோதி, அந்தப் பிள்ள கடைசியில என்னதான் ஆனா? நீ சொல்லவே இல்லையே. செல்லாத்தாக்காவும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு."

நாகஜோதி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கரண்ட் எடுக்கிற காற்றாடிகள் சுற்றிக்கொண்டிருந்தன.

"நல்லா இருந்தாம்மா" என்றாள். "டீச்சர் ஆயிட்டா."

"கட்டிக் குடுத்தாகளே?"

"கட்டிக் குடுத்தாக. கல்யாணத்துக்கப்புறமும் அவ புருசன் படிக்க வச்சான்."

"அவ அம்மா?"

"அவளுக்கு ஒண்ணும் ஆகல. மருந்து சாப்பிட்டுச் சரியாயிருச்சு. மக டீச்சரா வேலைக்குப் போறத வாசல்ல நின்னு பாத்தா."

முத்துப்பேச்சியின் முகம் மலர்ந்துபோயிற்று. "பாத்தியா?" என்றாள். "நான் சொன்னேன்ல? கல்யாணத்துக்கப்புறமும் படிக்கலாம்னு. நீதான் நம்பல." மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "மகராசியா இருக்கட்டும்" என்று யாரையோ வாழ்த்தினாள். கொஞ்ச நேரத்தில் அப்படியே தூங்கிப்போனாள். பஸ் குலுங்கும்போதெல்லாம் அவள் தலை ஜன்னல் கம்பியில் இடிக்கப் போனது. நாகஜோதி அந்தத் தலையைத் தன் தோளுக்கு இழுத்துச் சாய்த்துக்கொண்டு, ஊர் வருகிற வரைக்கும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.